மலிவு வழங்கியின் லிட்டர் எடை

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியிலுள்ள கொச்சங்காடியின் பெயரிலேயே ஓர் அங்காடி இருக்கிறது. 1344ஆம் ஆண்டில் அங்கே எழுப்பப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டை மட்டும் அருகிலுள்ள பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் காணலாம். கடல்வழி வணிகர்கள் வந்து போன அந்த வட்டாரத்தில் மிளகு, ஏலம், சுக்கு ஆகியவற்றின் வணிகம் இன்றும் நடைபெறுகிறது. தமிழ்க் குடும்பங்களும் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன. சரக்கு இருக்கும் இடத்தைத் தேடி வாங்குவோர் வந்த காலம் மாறி, வாங்குவோரின் கைப்பேசிக்குள் கடை போய்ச் சேரவேண்டிய காலம் வந்துவிட்டது. ஆகவே சிறு வணிகர்களும் தமக்கெனச் சொந்த வலைத்தளம் வேண்டும் என்று கருதத் தொடங்கியிருக்கின்றனர். கருதியவுடன் அவர்கள் கண்ணில் படுவது, 'மாதம் 400 ரூபாயில் தங்களுக்கே தங்களுக்கென ஒரு சர்வர்' என்னும் விளம்பரம்.

இந்த விளம்பரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டாகக் கொச்சங்காடியில் மிளகும் ஏலக்காயும் விற்கும் சிறு நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். உரிமையாளரும் அவர் மகளும் கணக்கரும் எனப் பணிபுரிவோர் மூவர். கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய ஊர்களிலுள்ள வீடுகளுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பொட்டலமிட்டு அனுப்ப விரும்புகிறார்கள். நாளொன்றுக்கு முப்பது ஆர்டர்கள் வந்தால் போதும். ஓணம், தீபாவளி நாட்களில் அது ஐந்து மடங்காகலாம். இந்த நிறுவனத்துக்கு 400 ரூபாய் வழங்கி போதுமா?

கிடங்கும் தடுப்பும்

சர்வர் என்று நாம் வழக்கத்தில் சொல்லும் வழங்கிக் கணினி, இரவும் பகலும் இணையத்தில் இணைந்தபடி, கேட்பவருக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு கணினியே. வலைத்தளத்தை அதில் குடிவைக்கப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே கிடங்கில் நூறு வணிகரின் மூட்டைகள் கலந்து அடுக்கப்பட்டிருப்பது பகிர்வு ஹோஸ்டிங். கிடங்கு முழுவதையும் ஒருவரே வாடகைக்கு எடுப்பது தனிச் சர்வர். கிடங்குக்குள் தடுப்புச் சுவர்கள் எழுப்பி, ஒவ்வொரு தடுப்புக்கும் தனிக் கதவும் தனிச் சாவியும் கொடுப்பது மெய்நிகர் தனி வழங்கி. விளம்பரங்களில் இதனையே வி.பி.எஸ். என்று குறிப்பிடுகின்றனர்.

இங்கே தடுப்புச் சுவராக நிற்பது ஒரு மென்பொருள். ஒரு பெரிய கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தனிக் கணினியாகவே தோன்றும்படி அது செய்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் 2007இல் சேர்க்கப்பட்ட கே.வி.எம். என்னும் அமைப்பு இவ்வகையில் இன்று மிகப் பரவலானது. ஓபன்வீஇசட் போன்ற வேறு முறைகளில் குடியிருப்போர் அனைவரும் ஒரே கருவைப் பகிர்ந்துகொள்கின்றனர். அங்கே சுவர் சற்று மெல்லியது. நினைவகத்தை இல்லாத அளவுக்கு விற்றுவிடுவதும் எளிது. விலைப் பட்டியலில் கே.வி.எம். என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

விலை எப்படி இவ்வளவு குறைந்தது? 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிஜிட்டல்ஓஷன் என்னும் அமெரிக்க நிறுவனம், 512 எம்.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. வட்டும் கொண்ட வழங்கியை மாதம் 5 டாலருக்குத் தந்தது. 2016 நவம்பரில் அமேசானும் லைட்செயில் என்ற பெயரில் அதே 5 டாலரில் தொடங்கியது. அதுமுதல் ஐந்து டாலர் என்பது இத்தொழிலில் சந்தை விலைபோல் நிலைத்துவிட்டது. அதற்கும் கீழே ஒன்று, இரண்டு டாலருக்கு விற்பவர்களும் உள்ளனர். ஆனால் பழைய வகை ஐ.பி. முகவரிகள் ஆசியப் பகுதியில் 2011 ஏப்ரலிலேயே ஏறத்தாழத் தீர்ந்துபோயின. எஞ்சியவை விலை கொடுத்து வாங்கப்படுகின்றன. ஆகவே ஒரு டாலர் வழங்கிகள் பலவற்றில் தனி முகவரியே கிடைப்பதில்லை. கடைக்கு அது உதவாது.

ஒரே லிட்டர், வெவ்வேறு எடை

மிளகு வணிகர்கள் சரக்கின் தரத்தைக் காண லிட்டர் எடை பார்ப்பார்கள். ஒரு லிட்டர் அளவையில் மிளகை நிரப்பி நிறுத்தால், நன்கு முற்றிய மிளகு 550 கிராம் வரையில் நிற்கும். சொத்தையும் இளமணியும் கலந்தது அதற்கு வெகுவாகக் குறையும். கண்ணுக்கு இரண்டும் ஒரே லிட்டர்தான்.

வழங்கிகளின் விலைப் பட்டியல் லிட்டரை மட்டுமே சொல்லுகிறது: ஒரு செயலி, 1 ஜிபி நினைவகம், 25 ஜிபி வட்டு, மாதம் 1,000 ஜிபி தரவுப் போக்குவரத்து. இந்த நான்கில் செயலிக்குத்தான் எடை வேறுபாடு மிகுதி. பட்டியலில் உள்ள ஒரு செயலி என்பது பெரும்பாலும் முழுச் செயலி அன்று. ஒரே செயலி பலருக்குப் பங்காக விற்கப்பட்டிருக்கும். எல்லாக் குடியிருப்போரும் ஒரே நேரத்தில் வேலை வாங்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கும் ஏற்பாடு இது. வங்கியாளனாகிய எனக்கு இதில் குறை சொல்ல வாய் வராது. வைப்பாளர்கள் அனைவரும் ஒரே நாளில் வந்து பணத்தைக் கேட்கமாட்டார்கள் என்ற கணிப்பின்மீதே எங்கள் தொழிலும் நடக்கிறது. எங்களுக்கு ரொக்க இருப்பு விகிதம் என்ற ஒன்றை ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வழங்கி விற்பவருக்கு அப்படி ஒன்றை விதிப்பவர் யாருமில்லை என்பதே வேறுபாடு.

அந்த எடையைப் பார்க்க ஒரு நேரிய வழி உண்டு. லினக்ஸ் வழங்கியில் 'டாப்' என்ற கட்டளையை இட்டால், திரையின் மேற்பகுதியில் செயலியின் நிலை சதவீதங்களாகத் தோன்றும். அவ்வரிசையின் கடைசியில் 'எஸ்டி' என்ற குறியுடன் ஓர் எண் நிற்கும். நமது வழங்கி வேலை செய்ய ஆயத்தமாக இருந்தும், செயலி வேறொரு குடியிருப்பாளருக்குப் பணிபுரிந்துகொண்டிருந்ததால் காத்திருந்த நேரத்தின் பங்கு அது. சுழியத்தை ஒட்டி இருப்பது நல்லது. முற்பகல், மாலை, இரவு ஒன்பது மணி என்று வெவ்வேறு வேளைகளில் பார்த்து, அது 5 சதவீதத்துக்கு மேல் பல நாட்கள் நீடித்தால் வேறு இடம் தேடலாம் என்பது என் கருத்து. ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்வது, மூட்டையின் வாயிலிருந்து மட்டும் மாதிரி எடுப்பதைப் போன்றது.

நினைவகத்தில் ஏமாற்று குறைவு; ஆனால் தட்டுப்பாடு உண்மையானது. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் கடைத்தளம் நடத்தினால், இயங்குதளமும் தரவுத்தளமும் முதலில் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதன்பின், ஒரே நேரத்தில் பக்கம் கேட்கும் ஒவ்வொருவருக்கும் பல பத்து எம்.பி. தேவைப்படலாம். தீபாவளிக்கு முந்தைய மாலையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வந்தால் 1 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பினால் லினக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ள, மிகுதியாக இடம் பிடித்துள்ள நிரலை நிறுத்திவிடும். பெரும்பாலும் நிறுத்தப்படுவது தரவுத்தளம். வாங்க வந்தவருக்குத் திரையில் தெரிவது, தரவுத்தளத்துடன் இணைக்க இயலவில்லை என்னும் ஒற்றை வரி மட்டுமே. நம் எடுத்துக்காட்டு நிறுவனம் 2 ஜிபி கொண்டதை எடுத்தால் பண்டிகைக் காலத்தை நிம்மதியாகக் கடக்கும். தரவுப் போக்குவரத்தைப் பற்றிக் கவலை வேண்டா: ஒரு பக்கம் 2 எம்.பி. என்றும், மாதம் 10,000 முறை அது திறக்கப்படுகிறது என்றும் கொண்டாலும் 20 ஜிபிதான் ஆகும்.

பெரிய நிறுவனங்கள் பலவும் மணிக்கணக்கில் வாடகை வசூலிக்கின்றன. ஆகவே இரண்டு வாரங்கள் எடுத்துச் சோதித்துவிட்டு அழித்துவிடலாம். பாதி வாடகையோடு முடிந்துவிடும். மூன்றாண்டு வாடகையை முன்பணமாகக் கட்டினால் மட்டுமே மலிவு என்று சொல்பவரிடம் இந்த வசதி இருப்பதில்லை. அங்கே முதல் தவணைக்கான விலையை விட்டுவிட்டுப் புதுப்பிக்கும் விலையைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் அது சிறிய எழுத்தில் இருக்கும்.

தொலைவு

ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைத்த சீ-மீ-வீ 3, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து 2002இல் சேவையைத் தொடங்கிய சேஃப் ஆகிய கடலடி வடங்கள் கொச்சியில் கரையேறியவை. வடம் கரையேறும் ஊரில் இருப்பதால் வலைத்தளமும் விரைவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வழங்கி எந்த ஊரில் உள்ளது, வாங்குவோர் எந்த ஊரில் உள்ளனர் என்ற இரண்டும்தான் கணக்கு.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லிநொடி. கோயம்புத்தூரிலிருந்து மும்பையிலுள்ள வழங்கிக்குச் சென்று திரும்ப, வழித்தடங்களின் சுற்றையும் சேர்த்து 30 மில்லிநொடி என்று கொள்வோம். ஐரோப்பிய வழங்கிக்கு 150 என்று கொள்வோம். பாதுகாப்பான இணைப்பு ஏற்பட்டு முதல் எழுத்து வந்து சேரக் குறைந்தது மூன்று முறை போய்வர வேண்டும். மும்பை என்றால் 90 மில்லிநொடி. ஐரோப்பா என்றால் 450. படங்கள் பலவுள்ள பக்கத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணே உணரும்.

நம் நாட்டில் மும்பை, பெங்களூரு, சென்னை, ஐதராபாத் ஆகிய ஊர்களில் தரவு மையங்கள் உள்ளன. அமேசான் 2016இல் மும்பையில் தொடங்கியது. டிஜிட்டல்ஓஷன் அதே ஆண்டில் பெங்களூருக்கு வந்தது. தமிழகத்து வீடுகளுக்கு விற்போருக்கு இவற்றுள் ஒன்றே தகும். ஏலக்காயை ஜெர்மானிய இறக்குமதியாளருக்கு விற்பவரானால், பிராங்க்பர்ட்டில் உள்ள வழங்கியே அவருக்கு அண்மை.

மூன்று ஒன்பதுகளின் விலை

'99.9 சதவீதம் இயங்கும் என்பதற்கு உத்தரவாதம்' என்னும் வாசகம் எல்லா விளம்பரத்திலும் காணப்படும். முப்பது நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். 99.9 என்றால் 43 நிமிடங்கள் வரை நின்றுபோகலாம். 99 மட்டும் என்றால் 7 மணி 12 நிமிடங்கள். இவ்வளவும் உத்தரவாதத்துக்கு உட்பட்டதே. அதைத் தாண்டி நின்றால் என்ன கிடைக்கும்? ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தால், நின்ற நேரத்துக்குரிய வாடகையோ அதன் ஒரு மடங்கோ அடுத்த பட்டியலில் கழிக்கப்படும் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மாதம் 425 ரூபாய் வழங்கி ஒரு நாள் முழுவதும் நின்றால் ஒரு நாள் வாடகை 14 ரூபாய். அன்று வராமற்போன முப்பது ஆர்டர்களுக்கு எவரும் பொறுப்பில்லை.

நின்றுபோவதைக் காட்டிலும் பெரிய ஆபத்து, அழிந்துபோவது. 2021 மார்ச் 10ஆம் நாள் அதிகாலையில், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் சேதமடைந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களுள் ஒன்று அது. விலையில் மலிவுக்கும் பெயர்பெற்றது. சுமார் 36 இலட்சம் வலைத்தளங்கள் அன்று நின்றுபோயின என்று நெட்கிராஃப்ட் என்ற இணைய ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. பல தளங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டன. சில மீளவே இல்லை. அவற்றின் காப்புப் பிரதிகளும் அதே வளாகத்தில் இருந்தன.

காப்புப் பிரதிக்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியிருந்த ஒரு வாடிக்கையாளர் வழக்குத் தொடுத்தார். 2023இன் தொடக்கத்தில் லில் நகர வணிக நீதிமன்றம் அவருக்கு 1 இலட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. வழங்கி இருந்த கட்டடத்திலேயே பிரதியையும் வைத்ததைக் காப்புப் பிரதி என்று கொள்ள முடியாது என்பதே வழக்கின் மையம். பிரான்சு நாட்டு நிறுவனத்துக்குப் பிரான்சு நாட்டு நீதிமன்றம் கிடைத்தது. கொச்சங்காடியிலிருந்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் மாதம் ஐந்து டாலருக்கு வழங்கி எடுத்தவர், ஒப்பந்தத்தில் குறித்துள்ள அயல்நாட்டு நீதிமன்றத்துக்கா போகமுடியும்?

ஆகவே விற்பவர் தரும் காப்புப் பிரதி வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். பலரிடம் அது வாடகையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. அதனோடு நிறுத்தாமல் வேறொரு நிறுவனத்திடம் வேறோர் ஊரில் இரண்டாவது பிரதியை வையுங்கள். சிறு கடையின் தரவுத்தளம் சில நூறு எம்.பி. அளவே இருக்கும், அதை ஒவ்வோர் இரவும் தானாகவே அலுவலகக் கணினிக்கு இறங்கும்படி செய்தாலும் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பிரதியைக் கொண்டு வெற்று வழங்கியில் தளத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். எழும்பாத பிரதி, கணக்கில் மட்டும் இருந்து பெட்டகத்தில் இல்லாத ரொக்கம்.

சாவியோடு வரும் வேலை

மலிவு வழங்கியின் விலையில் பராமரிப்பு அடங்காது. வெற்றுத் தடுப்பையும் சாவியையும் கொடுத்துவிட்டு விற்றவர் ஒதுங்கிக்கொள்வார். பூட்டு மாட்டுவது, எலி வராமல் பார்ப்பது, மழைக்காலத்தில் ஈரம் தட்டாமல் காப்பது எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. வழங்கி உயிர்பெற்ற சில நிமிடங்களிலேயே எங்கெங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் கடவுச்சொல்லை ஊகித்துக் கதவைத் தட்டத் தொடங்கும். கடவுச்சொல் நுழைவை மூடி, மறைகுறிச் சாவியால் மட்டும் நுழையும்படி மாற்றுவது முதல் நாளின் முதல் வேலை.

இயங்குதளத்துக்கும் ஆயுள் உண்டு. உபுண்டு 20.04 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. சென்ட்ஓஎஸ் 8 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று நம்பி நிறுவியவர்களுக்கு, 2021 டிசம்பர் 31உடன் அது நிறுத்தப்பட்டது. இத்தகைய தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்து, உரிய நேரத்தில் மாற்ற ஒருவர் வேண்டும். நம் மூவர் நிறுவனத்தில் அந்த ஒருவர் யார்? இதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாவிட்டால், வழங்கியை ஒப்பிடுவதை அத்துடன் நிறுத்திவிட்டு, பராமரிப்பையும் சேர்த்து விற்கும் ஹோஸ்டிங்கையோ ஆயத்தக் கடைத்தளச் சேவைகளையோ பார்ப்பதே தக்கது.

இதே வழங்கியில் மின்னஞ்சலையும் நடத்தலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டா. மலிவு வழங்கிகளிலிருந்து எரிதங்கள் மிகுதியாகப் புறப்படுவதால் அவற்றின் முகவரிகளைப் பெரிய அஞ்சல் சேவைகள் ஐயத்தோடு பார்க்கின்றன. ஆர்டர் உறுதி செய்யும் கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போகும். அஞ்சல் அனுப்பும் வழியையே முன்னிருப்பாக அடைத்துவைக்கும் நிறுவனங்களும் உள்ளன.

வங்கி மேசையிலிருந்து

தீப்பிடித்து அழியும் வழங்கி அரிது. வாடகை போய்ச் சேராமல் அழியும் வழங்கிகளே மிகுதி என்பது என் எண்ணம். அட்டை காலாவதியாகும், தொலைந்து புது அட்டை வரும், பழைய எண்ணில் பணம் எடுக்க முயன்ற நிறுவனம் தோல்வியுற்று, எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, சில நாட்களில் வழங்கியை முடக்கி, பிறகு தரவோடு அழித்துவிடும். அந்த எச்சரிக்கைக் கடிதம் போகும் மின்னஞ்சல் முகவரி, முடங்கிப்போன அதே வழங்கியில் இருந்தால் அதை எவரும் படிக்க மாட்டார்கள்.

இந்திய அட்டைகளுக்கென்று சில விதிகளும் உள்ளன. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகளில் இணையவழிப் பரிவர்த்தனையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் வாடிக்கையாளர் தாமே திறந்தால்தான் இயங்கும். தவணை தோறும் தானாக எடுக்கப்படும் தொகைகளுக்கு 2021 அக்டோபர் 1 முதல் தனி ஒழுங்கு வந்தது: முதலில் கூடுதல் சரிபார்ப்புடன் ஒப்புதல் பதிவாக வேண்டும், ஒவ்வொரு முறையும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரவேண்டும். தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ஆனது. நம் வழங்கியின் வாடகை அந்த வரம்புக்கு வெகு கீழேதான். இடர் வேறிடத்தில் உள்ளது: இந்த ஒப்புதல் முறையில் சேராத வெளிநாட்டு நிறுவனங்களிடம் தானியங்கிக் கட்டணம் மறுக்கப்படும். ஆகவே வாங்குவதற்கு முன், யு.பி.ஐ. அல்லது இந்திய அட்டை ஒப்புதல் ஏற்கப்படுமா, கணக்கில் முன்பணம் இருப்பு வைக்கலாமா என்று கேளுங்கள். ஆறு மாத வாடகையை முன்பணமாக வைத்திருப்பது நல்ல பழக்கம்.

வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தும்போது பல அட்டைகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம் சேரும். 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. பதிவு பெற்ற நிறுவனமாயின் வெளிநாட்டுச் சேவைக்கு அந்த வரியை எதிர்முறையில் தாமே செலுத்தி, தகுதிக்கேற்ப உள்ளீட்டு வரி வரவு பெறலாம். அதற்குப் பட்டியல் நிறுவனத்தின் பெயரிலும் வரி எண்ணிலும் இருக்கவேண்டும். மகளின் சொந்தப் பெயரில் எடுத்த வழங்கிக்குக் கணக்கர் எதுவும் செய்ய இயலாது.

விற்பவர் அடையாளச் சான்று கேட்டால் எரிச்சல் கொள்ள வேண்டா. 2022 ஏப்ரல் 28ஆம் நாள் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணை, வி.பி.எஸ். விற்போர் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, பயன்பாட்டு நோக்கம் முதலியவற்றைப் பெற்று ஐந்தாண்டு காக்கவேண்டும் என்கிறது. எங்கள் கே.ஒய்.சி. போன்றதுதான். இணையவழி ஊடுருவல் போன்ற நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமையையும் அதே ஆணை நிறுவனங்கள்மீது வைக்கிறது. வாங்குவோரின் அட்டை எண்ணைத் தம் வழங்கியில் சேமிக்க வணிகருக்கு 2022 அக்டோபர் 1 முதல் அனுமதியில்லை. பணம் வாங்கும் பக்கத்தைப் பேமென்ட் கேட்வே நிறுவனத்திடமே விட்டுவிடுவது சட்டத்துக்கும் உறக்கத்துக்கும் நல்லது.

டொமைன் பெயரைப் பற்றி ஒரு சொல். கடன் கோப்பில் நாங்கள் முதலில் பார்ப்பது சொத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை. வழங்கி வாடகை இடம். பிடிக்காவிட்டால் ஒரே இரவில் மாறிவிடலாம். டொமைன்தான் மனை. அது தளம் வடிவமைத்துக் கொடுத்த இளைஞரின் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும் பதிவாகியிருந்தால், அவர் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போன பிறகு கடையின் பெயர்ப்பலகை யாருடையது என்ற கேள்வி எழும். இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் வாங்காமல், டொமைனைத் தனியே நிறுவனத்தின் பெயரில் பல ஆண்டுகளுக்குப் பதிவுசெய்வது மேல்.

கூட்டிப் பார்த்தால்

ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். விளம்பரத்தின் 5 டாலர், மாதம் 425 ரூபாய், ஆண்டுக்கு 5,100. காப்புப் பிரதிக்கு 1 டாலர் சேர்த்தால் மாதம் 510. 18 சதவீத வரியோடு 601.80. அட்டைக் கட்டணம் 3 சதவீதமும் அதன்மீதான வரியும் சேர்ந்து ஏறத்தாழ 623. ஆண்டுக்கு 7,477 ரூபாய். பராமரிக்கத் தெரிந்தவருக்கு மாதம் இரண்டு மணி நேரம், மணிக்கு 500 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000. ஆக மொத்தம் 19,477.

வழங்கியின் விளம்பர விலை இதில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். ஐந்து டாலரா நான்கு டாலரா என்று ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்து மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். பராமரிப்பவரைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் போவது பன்னிரண்டாயிரமும் ஒரு தீபாவளி விற்பனையும். நம் கொச்சங்காடி நிறுவனத்துக்கு நான் சொல்லக்கூடியது: இந்தியாவில் தரவு மையம் உள்ள, மணிக்கணக்கில் வாடகை வாங்கும் நிறுவனம் ஒன்றில் 2 ஜிபி கே.வி.எம். வழங்கி எடுத்து, ஓணத்துக்கு இரண்டு மாதம் முன்பே சோதனையைத் தொடங்குங்கள். அதற்கு 10 டாலர் ஆனாலும் ஆகட்டும். வலைத்தளத்தில் சரக்குப் பட்டியலும் தொலைபேசி எண்ணும் மட்டும் போதும், ஆர்டர்களை வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று உரிமையாளர் கருதினால் வழங்கியே தேவையில்லை. சில நிலையான பக்கங்களைக் கட்டணமின்றி வைத்துக்கொள்ளும் சேவைகள் உள்ளன. அப்போது செலவு டொமைனுக்குரிய ஆண்டுக் கட்டணம் மட்டுமே.